வரிசை விருந்து: கைசெகியும் இலைச் சாப்பாடும்

ஒரு வேளை உணவைப் பல பகுதிகளாகப் பிரித்து, எது முதலில் வர வேண்டும், எது கடைசியில் வர வேண்டும் என்ற ஒழுங்கோடு பரிமாறும் முறை உலகின் பல பண்பாடுகளில் உண்டு. ஜப்பானிய உணவகங்களில் இதன் உயர்ந்த வடிவம் கைசெகி எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய வடிவம் வாழையிலையில் பரிமாறப்படும் முழுச் சாப்பாடு ஆகும். இரண்டும் வெவ்வேறு நாடுகளில், ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தவை. இருந்தாலும் வரிசை, பருவம், சுவைச் சமநிலை, விருந்தினர் ஒழுக்கம் ஆகிய நான்கிலும் ஒப்பிடத்தக்கவை. எல்லா விருந்தினரும் சமம் என்ற கருத்து இரண்டிலும் அடிப்படையாக இருந்தது. காலப்போக்கில் இரண்டின் வாசலிலும் தடைகள் எழுந்தன. இந்தக் கட்டுரை இரு முறைகளையும், இலைச் சாப்பாட்டின் வரலாற்றில் திருச்சிராப்பள்ளிப் பகுதிக்கு உள்ள இடத்தையும் விளக்குகிறது.

சத்திரமும் சாப்பாடும்

திருச்சிராப்பள்ளியில் மலைக்கோட்டை, தெப்பக்குளம், புனித வளனார் கல்லூரி ஆகியவற்றுக்கு அருகில் உள்ளது சத்திரம் பேருந்து நிலையம். திருவரங்கம் செல்லும் நகரப் பேருந்துகள் இங்கு வந்து, காவிரிப் பாலத்தைக் கடந்து செல்கின்றன. மாணவர்களும் கோயிலுக்கு வருவோரும் சந்தைக்கு வருவோரும் கூடும் இடம் என்பதால் சுற்றிலும் உணவகங்கள் மிகுதி. நண்பகல் நெருங்கும்போது சிற்றுண்டி வேலை குறைந்து, சாப்பாட்டுக்கு இலை போடத் தொடங்குவார்கள்.

நிலையத்தின் பெயரில் உள்ள 'சத்திரம்' என்ற சொல்லே உணவோடு தொடர்புடையது. வழிப்போக்கருக்குத் தங்க இடமும் உண்ணச் சோறும் அளித்த அறநிலையமே சத்திரம். காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகம் தமிழ்நாட்டில் பரவியதற்கு முன், ஊர்விட்டு ஊர் சென்றவர்களுக்குச் சமைத்த உணவு கிடைத்த முக்கிய இடங்கள் சத்திரங்களும் கோயில்களும் மடங்களும்தான். திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த இராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததற்காக இன்றும் நினைக்கப்படுகிறார். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் பல சத்திரங்களைக் கட்டினர்; ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெயர்பெற்றது. அந்தச் சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லாச் சாதியைச் சேர்ந்த வழிப்போக்கருக்கும் சோறு அளிக்கப்படுவதாகவும், சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் சமையல் சாமான்களும் தரப்படுவதாகவும் அதில் குறிப்பிட்டார்.

இந்தக் கடிதத்தில் இரண்டு செய்திகள் சேர்ந்தே உள்ளன. உணவு எல்லோருக்கும் உரியது என்பது ஒன்று. ஒருவர் சமைத்ததை இன்னொருவர் உண்ணாத நிலையும் அப்போது இருந்தது என்பது மற்றொன்று. இலைச் சாப்பாட்டின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான போராட்டமாகவே அமைந்தது.

கைசெகி: பெயரும் தோற்றமும்

ஜப்பானிய மொழியில் 'கைசெகி' என்ற ஒரே ஒலிப்புக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உள்ளன. ஒன்று தேநீர்ச் சடங்குக்கு முன் அளிக்கப்படும் எளிய உணவு. இதன் எழுத்துகளுக்கு 'மார்பில் வைத்த கல்' என்பது பொருள். பசியைத் தாங்க ஜென் துறவிகள் சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றி ஆடைக்குள் வயிற்றருகே வைத்துக்கொண்டனர் என்ற வழக்கிலிருந்து இப்பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. பசியைச் சற்றே தணிக்கும் அளவுக்கு உண்பது என்பதே இதன் கருத்து. மற்றொன்று 'கூடி அமர்தல்' என்று பொருள்படும். எடோ காலத்தில் கவிதைக் கூட்டங்களுக்குப் பின் மதுவோடு நடந்த விருந்திலிருந்து இது வளர்ந்தது. இன்று உணவகங்களில் பல பகுதிகளாகப் பரிமாறப்படும் விருந்து பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்த வடிவமே.

தேநீர்ச் சடங்கைச் செம்மைப்படுத்தியவர் சென் நோ ரிக்கியூ (1522–1591). ஆடம்பர விருந்துகள் ஓங்கியிருந்த காலத்தில் அவர் உணவைச் சுருக்கினார். ஒரு சாறு, மூன்று பதார்த்தங்கள், சோறு, ஊறுகாய் என்ற அளவே போதும் என்பது அவருடைய மரபில் வேரூன்றிய கருத்து. தேநீர்க் குடிலுக்குள் நுழையும் வாசலும் மிகச் சிறியது. குனிந்து, தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். சாமுராய் தன் வாளை வெளியே வைத்துவிட்டே நுழைய வேண்டும். உள்ளே அமர்ந்த பின் பதவி, குடிப்பிறப்பு ஆகிய வேறுபாடுகள் நீங்கி அனைவரும் விருந்தினர் மட்டுமே என்ற எண்ணம் இந்த அமைப்பில் உள்ளது.

கைசெகியின் வரிசை

உணவகத்தில் பரிமாறப்படும் கைசெகியில் பகுதிகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். எட்டு முதல் பன்னிரண்டு வரை இருப்பது வழக்கம். பொதுவான வரிசை பின்வருமாறு:

முதலில் 'சகிஸுகே' எனப்படும் சிறு தொடக்க உணவு வரும். ஒரு வாய் அல்லது இரண்டு வாய் அளவே இருக்கும்.

அடுத்து 'ஹஸ்ஸுன்'. இச்சொல்லுக்கு 'எட்டு சுன்' என்று பொருள். ஒரு சுன் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் வைக்கப்படுவதால் இப்பெயர். மலையிலிருந்தும் கடலிலிருந்தும் கிடைக்கும் பொருள்களை இணைத்து, அன்றைய பருவத்தை அறிவிக்கும் பகுதி இது.

பின்னர் 'முக்கோஸுகே'; பச்சை மீன் துண்டுகள். தொடர்ந்து மூடியிட்ட கிண்ணத்தில் சாறு, வேகவைத்த காய்கறிகள், நெருப்பில் சுட்ட மீன் அல்லது இறைச்சி, புளிக்காடி சேர்த்த சிறு பதார்த்தம் ஆகியவை வரும்.

கடைசியில் சோறு, மிசோ சாறு, ஊறுகாய் ஆகிய மூன்றும் ஒன்றாக வரும். இவற்றைக் கண்டதும் விருந்து முடியப் போகிறது என்று விருந்தினர் அறிந்துகொள்வார்கள். அதன் பின் பழமோ இனிப்போ தருவார்கள்.

தேநீர்ச் சடங்கின் கைசெகியில் வரிசை மாறுகிறது. அங்கே முதல் தட்டிலேயே சிறிதளவு சோறும் சாறும் வந்துவிடும். முடிவில் அடிப்பிடித்துச் சிவந்த சோற்றுப் பொருக்கில் ஊற்றிய வெந்நீரைத் தருவார்கள். விருந்தினர் அதைத் தம் கிண்ணங்களில் ஊற்றி, ஒட்டிய பருக்கைகளோடு குடித்து, கிண்ணத்தைத் துடைத்து வைப்பர். சோற்றுப் பானையில் எதுவும் வீணாகக் கூடாது என்ற எண்ணம், பழைய சோற்று நீராகாரம் குடித்து வளர்ந்த தமிழ் வீடுகளுக்குப் புதியதல்ல. எல்லோரும் உண்டு முடித்ததும் குச்சிகளை ஒரே நேரத்தில் தட்டில் விழவிடுவார்கள். அந்த ஓசையே அடுத்த அறையில் காத்திருக்கும் விருந்தளிப்பவருக்கு அறிவிப்பு.

சுவை, நிறம், பருவம்

ஜப்பானியச் சமையலில் ஐந்து சுவை, ஐந்து நிறம், ஐந்து சமையல் முறை என்ற கணக்கு உண்டு. பச்சையாகத் தருதல், வேகவைத்தல், சுடுதல், ஆவியில் அவித்தல், பொரித்தல் ஆகியவை ஐந்து முறைகள். ஒரு விருந்தில் ஒரே முறை அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்வார்கள். சாறுகளின் அடிப்படை 'தாஷி'. கொம்பு என்ற கடற்பாசியும் உலரவைத்துச் சீவிய சூரை மீனும் சேர்த்து இதை எடுப்பார்கள். இந்தக் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டாமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று 1908இல் பெயரிட்டவர் கிகுனே இகேதா என்ற வேதியியலாளர்.

தமிழ் மரபு இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு என ஆறு சுவைகளைக் கணக்கிடுகிறது. முழு இலையில் இவை அனைத்தும் இடம்பெற வேண்டும் என்பது விருந்து இலக்கணம். பாயசமும், புளிக்குழம்பும், உப்பும், ஊறுகாயும், பாகற்காயும், வாழைப்பூவும் இந்தக் கணக்கை நிறைவு செய்கின்றன.

பருவத்தைப் பற்றிய கவனத்தில் கைசெகி மிக நுட்பமானது. ஒரு பொருள் சந்தைக்கு முதன்முதலாக வரும் காலம், அது நிறைந்து கிடைக்கும் காலம், முடிந்து விடைபெறும் காலம் என மூன்று நிலைகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அதே காய் முதல் நிலையில் ஒரு விதமாகவும், கடைசி நிலையில் வேறு விதமாகவும் சமைக்கப்படும். தமிழர் விருந்திலும் பருவம் உண்டு. பொங்கலன்று பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி சேர்ந்த கூட்டு. சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவும் மாங்காய்ப் பச்சடியும். ஆண்டு முழுவதும் எல்லாக் காய்களும் கிடைக்கும் இக்காலத்தில், உணவகச் சாப்பாட்டில் இந்தப் பருவக் கணக்கு பெரும்பாலும் மறைந்து, பண்டிகை நாள்களில் வீடுகளில் மட்டும் எஞ்சியுள்ளது.

ஜப்பானியர்களின் பாரம்பரிய உணவுப் பண்பாடான 'வாஷோகு' 2013இல் யுனெஸ்கோவின் மனிதகுலப் புலப்படாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இலைச் சாப்பாட்டின் வரிசை

இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்குமாறு போடுவது மரபு. அகன்ற பகுதி வலப்பக்கம் வருவதால் வலக்கையால் பிசைந்து உண்ண இடம் கிடைக்கும். நடு நரம்புக்கு மேற்பகுதி தொடுகறிகளுக்கு, கீழ்ப்பகுதி சோற்றுக்கு. உப்பும் ஊறுகாயும் இடது மேல் மூலையில் தொடங்க, பச்சடி, கூட்டு, பொரியல், வறுவல் என வரிசை வலப்பக்கம் நகரும். அப்பளம், வடை ஆகியவற்றுக்கும் தனியிடம் உண்டு.

சோறு பலமுறை வரும். முதல் சோற்றுக்குப் பருப்பும் நெய்யும், அடுத்து சாம்பார், பிறகு வற்றல்குழம்பு அல்லது காரக்குழம்பு, அதன்பின் ரசம், கடைசியில் மோர் அல்லது தயிர். பாயசம் சில வீடுகளில் முதலிலேயே இலை ஓரத்தில் சிறிது வைக்கப்படும். பல இடங்களில் ரசத்துக்குப் பின் வரும். ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் இந்த ஒழுங்கு மாறும். ஆனால் கெட்டியிலிருந்து நீர்த்ததற்கும், காரத்திலிருந்து குளிர்ச்சிக்கும் செல்லும் பொதுப்போக்கு பெரும்பாலும் மாறுவதில்லை.

கைசெகிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே தெரிகிறது. கைசெகியில் ஒரு பகுதி முடிந்து, பாத்திரம் எடுக்கப்பட்ட பின்பே அடுத்தது வரும். முன்னால் என்ன வரப்போகிறது என்பது விருந்தினருக்குத் தெரியாமல் இருக்கலாம். இலையில் தொடுகறிகள் அனைத்தும் முதலிலேயே கண்முன் இருக்கும். வரிசையை நடத்துவது சோறும் குழம்பும்தான். எதனோடு எதைச் சேர்த்து உண்பது என்பது உண்பவரின் விருப்பம்.

இரண்டாவது வேறுபாடு அளவு. கைசெகியில் எவ்வளவு என்பதைச் சமையற்காரர் முடிவு செய்கிறார். இலையில் 'போதும்' என்று சொல்வது உண்பவரின் உரிமை. பரிமாறுபவர் கேட்டுக் கேட்டுப் போடுவதும், உண்பவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறிப்பதும் விருந்தின் ஒரு பகுதி. உணவகங்களில் 'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்ற பிரிவு வந்த பின்னும், முழுச் சாப்பாட்டில் சோறும் குழம்பும் மீண்டும் மீண்டும் தரப்படுவது இந்த மரபின் தொடர்ச்சியே.

பந்தி ஒழுக்கம்

வரிசையாக அமர்ந்து உண்பது பந்தி. எல்லோருக்கும் பரிமாறி முடியும் முன் கைவைப்பதும், பக்கத்தில் இருப்பவர் உண்டு முடிக்கும் முன் எழுவதும் முறையல்ல. ஒருவருக்கு நெய்யையும் இன்னொருவருக்கு வெறும் சோற்றையும் இடுவது 'பந்தி வஞ்சனை' எனப்படும். உணவில் பாகுபாடு காட்டுவதற்கெனத் தனிச்சொல்லே தமிழில் உள்ளது. அது பெருங்குற்றமாகக் கருதப்பட்டதையும் அச்சொல் காட்டுகிறது.

ஜப்பானிய விருந்திலும் இத்தகைய ஒழுக்கங்கள் உள்ளன. உண்ணும் முன் 'இத்தாதாகிமாஸ்' என்றும், முடித்தபின் 'கொச்சிசோசாமா' என்றும் சொல்வர். சாற்றைக் கிண்ணத்தோடு எடுத்துக் குடிக்கலாம். சிறு கிண்ணங்களைக் கையில் ஏந்தி உண்பதே முறை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. அது இறந்தோருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்புகளை எடுக்கும் சடங்கை அது நினைவூட்டும். வாசனைத் திரவியம் பூசிச் செல்வது உணவின் மணத்தைக் கெடுக்கும் என்பதால் தவிர்க்கப்படுகிறது.

பந்தியில் எழுந்த சுவர்கள்

பந்தியில் வஞ்சனை கூடாது என்று சொன்ன சமூகமே, யார் பந்தியில் உட்காரலாம் என்பதில் கடுமையான தடைகளை வைத்திருந்தது. இதில் திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடைய இரண்டு நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது சேரன்மாதேவி குருகுலச் சிக்கல். திருச்சிராப்பள்ளியின் வரகனேரியில் 1881இல் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர், திருநெல்வேலி மாவட்டத்தில் தமிழ்க் குருகுலம் ஒன்றை நடத்தினார். அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது தெரியவந்ததும் 1924–25 ஆண்டுகளில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. காங்கிரசின் நிதியுதவி பெற்ற நிறுவனத்தில் இது நடக்கலாமா என்று பி. வரதராஜுலு நாயுடு, பெரியார் ஈ.வெ. இராமசாமி ஆகியோர் கேட்டனர். சிக்கல் காந்தியடிகள் வரை சென்றது. ஐயர் 1925இல் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் உயிரிழந்தார். மாணவர் இருவரின் இலை எங்கே போடப்பட்டது என்ற கேள்வி, தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய நிகழ்வுகளில் ஒன்றானது. பெரியார் அதே ஆண்டின் இறுதியில் காங்கிரசிலிருந்து வெளியேறினார்.

இரண்டாவது தொடர்வண்டி நிலைய உணவகங்கள். திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய இரயில்வேயின் நிலையங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி உணவுக்கூடங்கள் இருந்தன. ஒரே கட்டணம் செலுத்திப் பயணம் செய்தவர்கள் சாப்பிட மட்டும் பிரிந்து உட்கார வேண்டியிருந்தது. தொடர் எதிர்ப்பின் விளைவாக 1941இல் இந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. தனியார் உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் உணவகம் ஒன்றின் முன் பெரியார் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்தது.

சட்டமும் இதில் தலையிட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் கடைகளிலும் பொது உணவகங்களிலும் தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. இதைச் செயல்படுத்த 1955இல் இயற்றப்பட்ட சட்டம் உணவகங்களில் நுழைவு மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இருந்தாலும், சில சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதன் பிறகும் நீடித்தது.

இந்த நோக்கில் பேருந்து நிலையத்து உணவகம் சமூக வரலாற்றில் எளிதாகக் கடந்து செல்லக்கூடிய இடம் அல்ல. அடுத்த இலையில் யார் உட்காருகிறார் என்று யாரும் கேட்பதில்லை; கேட்க நேரமும் இல்லை. கால் மணி நேரத்தில் உண்டு எழுந்து பேருந்தைப் பிடிக்க வேண்டிய பயணிகளின் அவசரம், பல நூற்றாண்டுப் பழக்கத்தைத் தளர்த்துவதில் தன் பங்கை ஆற்றியது.

ஜப்பானிலும் வாசல்கள் உண்டு. கியோத்தோவின் பழைய உயர்நிலை உணவகங்கள் சிலவற்றில், ஏற்கெனவே அறிமுகமான ஒருவர் பரிந்துரைக்காமல் புதியவரை ஏற்பதில்லை என்ற வழக்கம் இருந்து வருகிறது. முன்பதிவு எளிதாகியுள்ள இடங்களிலும், ஒருவருக்குப் பல்லாயிரம் யென் ஆகும் இரவு விருந்து பெரும்பாலோருக்கு எட்டாதது. வாளை வெளியே வைத்துவிட்டு நுழையச் சொன்ன தேநீர்க் குடிலின் எளிய உணவு, செல்வத்தின் அடையாளமாக மாறியது. நண்பகலில் குறைந்த பகுதிகளோடு, குறைந்த விலையில் தரப்படும் கைசெகி இந்த இடைவெளியை ஓரளவு குறைக்கிறது.

திருவரங்கத்தின் உணவு மரபு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள திருவரங்கத்தில், அரங்கநாதர் கோயிலின் படையல்களே நாள் முழுவதும் நீளும் ஒரு வரிசையாக அமைந்துள்ளன. காலைப் படையல் முதல் இரவில் 'அரவணை' வரை ஒவ்வொரு வேளைக்கும் உரிய உணவு வகுக்கப்பட்டுள்ளது. துலுக்க நாச்சியார் மரபையொட்டி ரொட்டி படைக்கும் வழக்கமும் இங்கு உண்டு. ஒரு சமயத்தின் கோயில் அடுக்களைக்குள் இன்னொரு சமூகத்தின் உணவு இடம்பெற்றதற்கு இது அரிய சான்று.

தமிழ்நாட்டுக் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. திருவரங்கத்திலும் பழனியிலும் 2012இல் இது நாள் முழுவதும் உணவளிக்கும் திட்டமாக விரிவாக்கப்பட்டது. இங்கு வருபவரின் சாதியோ ஊரோ கேட்கப்படுவதில்லை. சோறு, சாம்பார், ரசம், மோர் என்ற வரிசை எளிய வடிவில் இங்கும் காக்கப்படுகிறது.

இலையும் சூழலும்

கைசெகியில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பாத்திரம்; பருவத்துக்கேற்பப் பீங்கான், அரக்குப் பூசிய மரம், கண்ணாடி, மூங்கில் என மாறும். பாத்திரமும் உணவின் ஒரு பகுதியாகவே எண்ணப்படுகிறது. இலைச் சாப்பாட்டுக்கு ஒரே பாத்திரம் இலைதான். உண்டு முடித்ததும் அது மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் காவிரிப் படுகையில் தொட்டியம், முசிறி, இலால்குடி ஆகிய பகுதிகள் வாழைக்குப் பெயர்பெற்றவை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டதும் இதனால்தான். இலைக்கென வளர்க்கும்போது பூவன், மொந்தன் ஆகிய வகைகள் விரும்பப்படுகின்றன. நுனியோடு கூடிய இலைக்கு விலை அதிகம். நடுவில் நறுக்கிய ஏடு குறைந்த விலைக்குக் கிடைக்கும். பலத்த காற்று அடித்தால் இலை கிழிந்து விலைபோகாது. முகூர்த்த நாள்களில் விலை பல மடங்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தால் உணவகங்கள் பல நெகிழி பூசிய தாள்களுக்கு மாறின. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் நெகிழித் தாளும் தடைப்பட்டியலில் இடம்பெற்றது. மாற்றாக வாழையிலை ஊக்குவிக்கப்பட்டது.

ஜப்பானில் 'மீருசு', தமிழ்நாட்டில் ஜப்பானிய உணவு

ஜப்பானுக்கு இந்திய உணவு சென்ற வரலாற்றில் விடுதலைப் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆங்கில அரசிடமிருந்து தப்பி ஜப்பானில் அடைக்கலம் புகுந்த ராஷ் பிஹாரி போஸ், தோக்கியோவில் நக்கமுராயா என்ற நிறுவனத்தை நடத்திய குடும்பத்தில் மணம் செய்துகொண்டார். அவர் அறிமுகப்படுத்திய இந்தியக் கறி 1927இல் அந்த நிறுவனத்தின் உணவகத்தில் விற்பனைக்கு வந்தது. அவரோடு பணியாற்றிய கேரளத்தைச் சேர்ந்த ஏ.எம். நாயர் 1949இல் தோக்கியோவின் கின்சா பகுதியில் உணவகம் தொடங்கினார்.

அண்மைக் காலத்தில் தென்னிந்தியச் சாப்பாடு தனி அடையாளத்தோடு அங்கு பரவியுள்ளது. தமிழ்நாட்டு உணவகங்களின் 'மீல்ஸ்' என்ற சொல் 'மீருசு' என ஜப்பானிய எழுத்தில் எழுதப்பட்டு, உணவுப் பிரியர்கள் அறிந்த சொல்லாகியுள்ளது. சிறு கிண்ணங்களில் பல பதார்த்தங்கள், சோறு, சாறு போன்ற ரசம், ஊறுகாய் என்ற அமைப்பு அவர்களுடைய உணவு மரபோடு இயல்பாகப் பொருந்துகிறது.

எதிர்த்திசையில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் ஜப்பானிய வாகன நிறுவனங்களின் தொழிற்சாலைகள் வந்தபின், அங்கு பணிபுரியும் ஜப்பானியர்களுக்காகச் சென்னையில் ஜப்பானிய உணவகங்கள் பெருகின. இவற்றில் சூஷி, இராமென், பெந்தோ ஆகியவை எளிதில் கிடைக்கும். முறையான கைசெகி அரிது.

ஜப்பானில் கைசெகி உண்ணச் செல்வோருக்கு

படிப்புக்காகவோ பணிக்காகவோ ஜப்பான் செல்லும் தமிழர்கள் சில செய்திகளை முன்னரே அறிந்திருப்பது நல்லது.

மரக்கறி உணவு உண்போர் முன்பதிவின்போதே அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காய்கறி மட்டுமே தெரியும் பதார்த்தத்திலும் தாஷி வழியாக மீன் கலந்திருக்கும். பௌத்த மடங்களில் தோன்றிய 'ஷோஜின் ரியோரி' என்ற உணவில் மீனும் இறைச்சியும் இல்லை. பூண்டு, வெங்காயமும் மரபாகச் சேர்க்கப்படுவதில்லை. பல பகுதிகள் கொண்ட விருந்தை மரக்கறியாக உண்ண விரும்புவோருக்கு இதுவே ஏற்றது.

ஒவ்வாமை இருந்தாலும் முன்பே தெரிவிக்க வேண்டும். வரும் எண்ணிக்கைக்கு ஏற்ப அன்றைய பொருள்கள் வாங்கப்படுவதால், கடைசி நேரத்தில் வராமல் இருப்பது உணவகத்துக்கு நேரடி இழப்பு, கட்டணமும் கேட்கப்படலாம். பாய் விரித்த அறைக்குள் காலணியோடு செல்லக் கூடாது. பரிமாறுபவருக்கு அன்பளிப்புப் பணம் தரும் வழக்கம் அங்கு இல்லை.

விருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடும். பகுதிகள் சிறியவை என்பதால் தொடக்கத்தில் பசி அடங்காதது போலத் தோன்றும். கடைசியில் சோறு வரும்வரை காத்திருப்பதே முறை. பருப்புச் சோற்றில் தொடங்கி மோர்ச் சோற்றில் முடிக்கும் தமிழருக்கு இந்த ஒன்றுதான் பழகச் சற்று நாளாகும்.